முகம் காட்டாத மருமகன்

வைலோமாவில் ஒருவனால் தனியாகச் "சரி" சொல்ல முடியாது. பெண் கேட்டு வந்தாலும், படகு இரவல் கேட்டு வந்தாலும், வெள்ளைக்காரர் ஒருவர் தவளைகளை எண்ண அனுமதி கேட்டு வந்தாலும் முறை ஒன்றுதான். வந்தவர் கொண்டுவந்த யங்கோனா வேரை ஊர் கூடி வாங்கி, இடித்துக் கரைத்து, சிரட்டையில் ஊற்றி, கைதட்டிக் குடித்த பிறகுதான் அது சரி. அதற்கு முன்னால் எவனாவது தலையாட்டினால் கழுத்துச் சுளுக்கு என்று எடுத்துக்கொள்வோம்.

"எடுத்துக்கொள்வோம்" என்று உரிமையோடு சொல்கிறேன். என் பூட்டன் ஃபிஜிக்குக் கரும்பு வெட்ட வந்தவர். மூன்று தலைமுறையாக இந்த ஆற்றங்கரையில் கடை வைத்திருக்கிறோம். மீன் டப்பா, மாவு, மண்ணெண்ணெய், யங்கோனா எல்லாம் என்னிடம்தான் வாங்குவார்கள். ஆகவே ஊரின் ஒவ்வொரு சம்மதத்திலும் எனக்கு ஒரு வியாபாரப் பங்கு உண்டு.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கிராம நவீனமயத் துறையின் மாகாண ஒருங்கிணைப்பாளர் திரு. இசிமேலி ஒருநாள் படகில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். மேலதிகாரி சொல்லாமல் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யமாட்டார். 'மேகத்தின் நிழலில் ஒவ்வொரு கிராமமும்' என்ற திட்டத்தோடு வந்திருந்தார். கிராமங்களில் உறங்கிக்கிடக்கும் அறிவைத் தட்டியெழுப்பி, மேகத்தில் ஏற்றி, கற்றுத்தேர்ந்த மேகத்திலிருந்து பயன்மழை பொழியச் செய்வது அதன் நோக்கம் என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான். சிலேட்டு மாதிரி ஒரு கருவி தருவார்கள். அதனிடம் பேசினால் கடல் கடந்து எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனியின் இயந்திரம் கேட்டுக்கொள்ளும், அதுதான் மேகம். கூட்டத்தில் பேசியதை எழுதித் தரும். சேப்பங்கிழங்குக்கு வந்த நோயைச் சொல்லும். பாட்டுக்குக் குரல்பிரிவு எழுதித் தரும். எல்லாம் இலவசம். 'ஏற்கிறேன்' என்ற சதுரத்தை மட்டும் ஒருமுறை அமுக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் தேநீர் ஆறுவதற்குள் அமுக்கிவிட்டார்களாம். எங்கள் ஊர் நாட்டாண்மை மெசாகேதான் இடக்குப் பண்ணினார்.

"என்ன கேக்கிறாங்கன்னு தெரியாம எப்படிங்க சரி சொல்றது? வாசிங்க, கேக்குறோம்."

"இதெல்லாம் யாரும் வாசிக்கிறதில்லைங்க."

"அப்ப எழுதினவன் மனசு நோகாதா?"

இசிமேலி துறையின் வழிகாட்டு நூலைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் இல்லை. வாசிக்கத் தொடங்கினார்.

தொண்ணூற்றுச் சொச்சம் பக்கம். பிள்ளைகள் தூங்கின. நாய்கள் எழுந்து போய்விட்டன. யங்கோனாத் தொட்டி திரும்பத் திரும்ப நிறைந்தது, அதனால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உலகத்தில் அந்த விதிமுறைகளை முழுதாகக் கேட்ட ஊர் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எழுதிய வக்கீல்களே ஆளுக்கொரு அத்தியாயம் எழுதிவிட்டு மற்றதைப் பார்க்காமல் போயிருப்பார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் இந்தப் பகுதி வந்தது: "தங்கள் உள்ளடக்கம் அனைத்தும் முற்றிலும் தங்களுக்கே சொந்தம். எனினும், சேவையை மேம்படுத்தும் பொருட்டு அவற்றை எடுக்கவும், பயன்படுத்தவும், படியெடுக்கவும், திருத்தவும், தனக்கு வேண்டியவர்களுக்கு வழங்கவும், உலகெங்கும், என்றென்றும், கேட்காமலும் ஈடு தராமலும், திரும்பப் பெற முடியாத உரிமையை இதன்மூலம் நிறுவனத்துக்கு மனமுவந்து அளிக்கிறீர்கள்."

சிரட்டை சுற்றுவது நின்றது. கோபம் என்று நினைத்து இசிமேலி காகிதத்தைக் கீழே வைத்தார். கோபமில்லை. எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தது வசெமாதா. நாட்டாண்மையின் அக்காள், மாதர் சங்கத்தின் தலைவி, கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவள் நாக்குக்குப் பயந்துதான் எவனும் பெண் கேட்டு வரவில்லை என்று ஊரில் பேச்சு. அவளே பரப்பிய பேச்சு.

"இதைச் சொல்றதுக்கா இத்தனை நேரம்? இது வசுப்பா."

சபை முழுவதும் மூச்சு விட்டது. வசு என்றால் இந்த ஊரில் பிறந்து வெளியூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண் பெற்ற மகன். அவன் அம்மா ஊருக்கு வந்தால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். பன்றி, படகு, மாமன் போட்டிருக்கிற சட்டை எதுவானாலும் சரி. கேட்க வேண்டியதில்லை. மாமன்மார் சிரித்த முகமாக நிற்க வேண்டும். தாய்மாமன் சீர் செய்தே ஓய்ந்துபோன தமிழனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"கேக்காம எடுக்கிறவன் ஒண்ணு திருடன், இல்லாட்டி மருமகன்," என்றார் மெசாகே. "கவருமென்டு திருடனைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வருமா?"

"வராதுங்க," என்றார் இசிமேலி.

"அப்ப மருமகன்தான். யாரு பெத்த பிள்ளை?"

அதன்பிறகு ஊர் தன் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைவுகூர்ந்தது. ஒருத்தி ஆக்லாந்தில் இருந்தாள், இரண்டு மகள்கள். ஒருத்தி பிரிஸ்பேனில், மகன் உண்டு, ரக்பி ஆடுகிறான். மேகத்தைப் பெற்றவள் யாரும் அகப்படவில்லை. ஆற்றில் நீர் வடிந்துகொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் படகு சேற்றில் தட்டும். இசிமேலியிடம் ஒரு படிவம் இருந்தது. 'பயனர், வழங்குநர் உறவு விவரம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கருவி அடுத்த பக்கத்துக்குப் போகாது. மருமகன் என்று எழுதினார். தாய் பெயர் கேட்டது. வசு என்று முதலில் சொன்ன வசெமாதாவின் பெயரை எழுதினார்.

"கல்யாணம் கட்டல, வயித்துல சுமக்கல," என்றாள் வசெமாதா. "பிள்ளை மட்டும் வளந்து கம்பெனி வேலைக்குப் போயிருச்சு. இந்த மாதிரிப் பிரசவம் எல்லாப் பொம்பளைக்கும் வாய்க்கட்டும்."

ஊர் கைதட்டிக் குடித்தது. மெசாகே சதுரத்தை அமுக்கினார். சேவை விதிமுறைகள் மரபுவழி உறவுமுறைக்குள் முழுமையாக ஒருங்கிணைக்கப்பட்டன என்று இசிமேலி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அந்த வாக்கியத்தைத் தலைநகரில் ஒரு மாநாட்டில் வாசித்து, அவருக்குக் கண்ணாடியில் செய்த ஒரு கேடயம் கொடுத்தார்கள். கண்ணாடி கனமானது என்று என்னிடம் காட்டினார். தூக்கிப் பார்த்தேன், கனம்தான்.

எங்கள் ஊருக்கு எதிர்க்கரையில் நசாலியா. மாகாணப் பாட்டுப் போட்டியில் வருடாவருடம் கோப்பை அவர்களுக்குத்தான். எங்கள் குழுவின் தலைவன் அபிசாய். படகு மோட்டார் பழுது பார்ப்பது அவன் தொழில். கையில் எண்ணெய்க் கறையும் வாயில் ஏதாவது ஒரு மெட்டுமாகத் திரிவான். இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து புதுப்பாட்டு ஒன்று கட்டியிருந்தான். ஆறு வெள்ளத்தில் பெருகி, வடிந்து, தெளிவதைக் குரலாலேயே காட்டும் பாட்டு. நான் சங்கீதம் தெரியாதவன். அதைக் கேட்டபோது கடையில் ஒருவனுக்குச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரியும்.

முதற்குரல் அவன் மனைவி கெலேரா. உச்ச ஸ்வரத்துக்கு ஏறுமுன் தொண்டையைச் சின்னதாகச் செருமிக்கொள்வாள். அது அவள் பழக்கம்.

கிராமங்கள் மேகத்தைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்று துறைக்கு வருத்தம். அதனால் மெசாகே அந்தச் சிலேட்டைப் பாட்டுப் பயிற்சி நடக்கும் கூடத்தில் கொண்டுபோய் வைத்தார். அது பாட்டைக் கேட்டு நான்கு குரலுக்கும் அழகாகப் பிரித்து எழுதிக் கொடுத்தது. அபிசாய்க்கு மகிழ்ச்சி. மருமகன் உபயோகமானவன்தான் என்றான்.

ஒரு மாலை கெலேரா ஆற்றில் இறங்கி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எதிர்க்கரை ஒலிபெருக்கியில் அவள் பாட ஆரம்பித்தாள்.

அதே பாட்டு, அதே குரல். உச்சத்துக்கு ஏறுமுன் அதே செருமல். படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டு அக்கரையையும் இக்கரையையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அபிசாய் எண்ணெய்க் கையோடு ஓடிவந்தான்.

"நீ எங்கடி இருக்க?"

"இங்கதான் இருக்கேன், மீன் கழுவிட்டிருக்கேன். அங்க பாடுறதும் நான்தான். எனக்கே இப்பத்தான் தெரியும்."

அன்றிரவே விஷயம் வெளியாகிவிட்டது. நசாலியாக் குழுவின் தலைவர் தனியேலா பெரியவர் தங்கள் ஊர்ச் சிலேட்டிடம், ஆற்றைப் பற்றி இந்தப் பக்கத்து பாணியில் புதுப்பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அது தேநீர் ஆறுவதற்குள் பாட்டையும், பாடிக்காட்ட ஒரு மாதிரிக் குரலையும் கொடுத்துவிட்டது. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. போட்டியின் விதிப்படி ஒரு பாட்டை ஒரு குழுதான் பாடலாம், யார் முதலில் மேடையேறுகிறார்களோ அவர்களுக்கு. சீட்டுக் குலுக்கியதில் நசாலியா எங்களுக்கு முன்னால் வந்திருந்தது.

அபிசாய் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். எந்த மெட்டும் வாயில் இல்லை. தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கணக்கில் எழுதாமல் நான் கொடுத்த முதல் தேநீர் அது.

முறையீட்டை அந்தச் சிலேட்டிடமே சொல்ல வேண்டும் என்று விதி. சொன்னான். "தங்கள் பாட்டு முற்றிலும் தங்களுக்கே சொந்தம் என்பதை உறுதிப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். இந்தப் பதில் உங்களுக்கு உதவியதா?" என்று கேட்டது. இல்லை என்று அமுக்கினான். நன்றி சொன்னது.

இசிமேலியைத் தேடிக்கொண்டு மாகாண அலுவலகத்துக்குப் போனோம்.

"பாட்டு யாருக்குச் சொந்தம் சார்?" என்றான் அபிசாய்.

"உங்களுக்குத்தான். அதுல சந்தேகமே வேணாம்."

"அப்ப வேற யாரும் பாடக் கூடாதுன்னு நான் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லலாம். சொல்றதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு."

"சொன்னா நிறுத்துவாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க. எடுத்துக்கிற உரிமைய நீங்க குடுத்துட்டீங்களே."

"அப்ப சொந்தம்னா என்னதான் சார் அர்த்தம்?"

இசிமேலி மேசையிலிருந்த கேடயத்தை நேராக்கி வைத்தார். "அது ஒரு மன நிம்மதி," என்றார்.

பட்டா நம் பெயரில், குடியிருப்பது அவன், கூரை ஒழுகினால் வேய வேண்டியது நாம் என்று நான் விளங்கிக்கொண்டேன். அவனுக்கு 'உள்ளடக்க உரிமையாளர்' என்று ஒரு சான்றிதழும் அச்சடித்து, மழையில் நனையாத உறை போட்டுக் கொடுத்தார்கள். கெலேரா அதை அடுப்பு விசிற எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சபையில் வசெமாதா எழுந்தாள்.

"எம்பிள்ளை எடுத்தது தப்பில்ல, மருமகன் எடுக்கத்தான் செய்வான். ஆனா அவன் முகம் எங்க? இந்த ஊருக்கு அவன் முகத்தக் கொண்டுவந்து காட்டினாங்களா?"

சபைக்கு அப்போதுதான் உறைத்தது. மருமகனாக இருந்தாலும் தாயின் ஊருக்கு முதல்முறை வரும்போது அப்பன்வழிச் சொந்தங்கள் திமிங்கிலப் பல்லும் பாயும் விருந்துமாக வந்து, இதோ பாருங்கள் இவன்தான் உங்கள் பிள்ளை என்று முகம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் வசு. அதற்கு முன்னால் எடுத்தவன் திருடன்.

மருமகனைக் கூட்டிவந்து முகம் காட்டுங்கள் என்று இசிமேலிக்கு அழைப்பு போயிற்று. உறவும் இல்லை, சடங்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் அறிக்கை பொய்யாகும். அறிக்கை பொய்யானால் கேடயம் பொய்யாகும். கேடயத்தை அமைச்சர் கையால் வாங்கியிருந்தார். ஆகவே அழைப்பை மேலிடத்துக்கு அனுப்பினார், மேலிடம் கம்பெனிக்கு அனுப்பியது. கம்பெனிக்கு ஒரே சந்தோஷம். வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறைத் தலைவி கிம்பர்லி அம்மையார் ஒரு படக்காரரோடு சிட்னியிலிருந்து புறப்பட்டு வந்தார். திமிங்கிலப் பல்லுக்குப் பதிலாகக் கம்பெனிச் சின்னம் போட்ட தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் கொண்டுவந்தார்.

அம்மையாரைப் பாயில் உட்காரவைத்து, சிரட்டையை நீட்டும்போது மெசாகே நேர்மையாக எச்சரித்தார்.

"இதைக் குடிச்சா எங்க விதிமுறைய ஏத்துக்கிட்டதா அர்த்தம்மா. முதல்ல எங்காளு சொல்லுவாரு, முழுசாக் கேட்டுட்டுக் குடிங்க."

"பரவாயில்லைங்க, எனக்கு நம்பிக்கை இருக்கு," என்றார் அம்மையார். படக்காரர் ரெடி என்று கை காட்டியதும் ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

அதன்பிறகுதான் ஊரின் பேச்சாளர் மருமகனின் கடமைகளைச் சொல்லத் தொடங்கினார். மாமன் செத்தால் வர வேண்டும். பாய் கொண்டுவர வேண்டும். புயலில் கூரை போனால் வேய வேண்டும். மாமன் மகளுக்குக் கல்யாணம் என்றால் மாடு. தொண்ணூற்றுச் சொச்சம் பக்கத்துக்குக் குறையாது. நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை. யங்கோனா நாக்கை மரத்துப்போகச் செய்யும் என்பதால் அம்மையாரால் மறுப்பும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கடமைக்கும் ஊர் கைதட்டியது, அவரும் தட்டினார்.

"எம்பிள்ளை எங்க இருக்கான்?" என்று ஆரம்பித்தாள் வசெமாதா.

"எல்லா இடத்திலயும் இருக்குங்க."

"ராத்திரி எங்க படுக்கிறான்?"

"பாதுகாப்புக் காரணத்துனால அதைச் சொல்ல முடியாதுங்க."

"முகத்தக் காட்டு."

"முகம்னு ஒண்ணு கிடையாதுங்க. சின்னம்தான் இருக்கு." தொப்பியை நீட்டினார்.

வசெமாதா தொப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பன் ஜாடை," என்றாள்.

அபிசாய் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவன் சத்தமாகப் பேசவில்லை. பாட்டைத் திருப்பிக் கொடுங்கள், அவ்வளவுதான் வேண்டும் என்று கேட்டான். அம்மையாருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். கண் கலங்கிவிட்டது, அதையும் படம் எடுத்தார்கள். மேகம் எதைக் கற்றுக்கொண்டாலும் அதை மறக்கவைக்க வழியில்லை, குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். எங்கள் குழம்பில் போட்டிருந்தால் சரி, எங்கள் உப்பை ஊரெல்லாம் விற்கிறீர்களே என்று கெலேரா கேட்டாள். அதையும் குறித்துக்கொள்வதாக அம்மையார் சொன்னார். அவர் மடியில் ஒரு கருவி காலையிலிருந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டுதான் இருந்தது. உங்கள் பண்பாட்டிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டோம் என்று கைகூப்பிவிட்டுப் படகேறினார்.

அரசாங்கமும் ஆயிற்று, கம்பெனியும் ஆயிற்று. மிச்சமிருந்தது ஆற்றைக் கடப்பதுதான். அபிசாய் என்னிடம் நல்ல யங்கோனா வேராகப் பார்த்து வாங்கிக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு நசாலியாவுக்குப் போனான். தனியேலா பெரியவர் முன்னால் வேரை வைத்து, பாட்டை விட்டுக்கொடுங்கள் மாமா என்றான். அபிசாயின் அம்மா அந்த ஊர்ப் பெண். தனியேலா அவளுக்கு அண்ணன் முறை.

பெரியவர் வேரை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"உங்கம்மா துடுப்புப் போடும்போது ஒண்ணு முனகுவாளே, நினைவிருக்கா?"

அபிசாய் தலையை ஆட்டினான்.

"அது எங்க ஊர்ப் படகுப் பாட்டு. உன் புதுப்பாட்டுல வெள்ளம் வடியிற இடம் இருக்கே, அது அப்படியே அதுதான். நீ எடுத்துக்கிட்ட. நாங்க யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டமா?"

"நான் வசு, மாமா. என் முகத்தை இங்க கொண்டுவந்து காட்டியிருக்காங்க."

"ஆமா. திமிங்கிலப் பல்லோட காட்டினாங்க. என் மடியிலதான் மூத்திரம் போன." பெரியவர் வேரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "போ. பாட்டு உன்னுது. நாங்க பழசு ஒண்ணு பாடிக்கிறோம்."

சான்றிதழ் இல்லை, முறையீட்டு எண் இல்லை. வேலை முடிந்துவிட்டது.

முடிந்தது என்றுதான் நினைத்தோம். போட்டியன்று மாகாண நகரத்து மண்டபத்தின் வாசலில் இசிமேலி ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். இயந்திரம் கட்டிய பாட்டுகள் போட்டிக்குள் நுழைந்துவிடாமல் தடுக்கத் துறை ஒரு சீர்திருத்தம் செய்திருந்தது. ஒவ்வொரு குழுவும் ஒரு சரணத்தைப் பாடிக்காட்ட வேண்டும். அது அசலா இல்லையா என்று அதே மேகம் சொல்லும். திருட்டைக் கண்டுபிடிக்கத் திருடனைவிடத் தகுதியானவர் யார் என்று துறை யோசித்திருக்க வேண்டும்.

நசாலியாவின் பழைய பாட்டு 'அசல்' என்று வந்தது. எங்கள் முறை. கெலேரா பாடினாள். பதற்றத்தில் செருமவில்லை. சிலேட்டு சிவப்பாக எரிந்தது.

"இது எமது தயாரிப்பின் நெருங்கிய நகல். குறை: உச்ச ஸ்வரத்துக்கு முன் செருமல் இல்லை."

"நான்தான்யா கெலேரா," என்றாள் கெலேரா.

இசிமேலி அவளை நம்பினார். ஆனால் அவர் நம்புவதற்குக் கருவியில் கட்டம் இல்லை. பாட்டின் உரிமையாளர் சான்றிதழ் இருந்தால் காட்டுங்கள் என்றார். அது அடுப்படியில் பாதி எரிந்து கிடக்கிறது என்று தெரிந்ததும் அவரே ஒரு வழி சொன்னார். மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குள் போனால் உடனே அனுமதி கிடைத்துவிடும். போவதற்கு முன்னால் புதுப்பிக்கப்பட்ட விதிமுறைகளை ஏற்க வேண்டும். ஒரே ஒரு சதுரம்.

உள்ளே எங்கள் ஊர்ப் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னொருமுறை கூப்பிட்டு வராவிட்டால் போட்டியிலிருந்து நீக்கம். அபிசாயின் விரல் சதுரத்துக்கு மேலே நின்றது. எழுதினவன் மனசு நோகக் கூடாது என்று அன்றைக்கு மாலை வரை விதிமுறைகளைக் கேட்டவர் மெசாகே. அவன் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"வாசிக்கணுமா?"

"அப்புறம் வாசிச்சுக்கலாம்," என்றார் மெசாகே. "அமுக்கு."

வேர் இல்லை, சிரட்டை இல்லை, கைதட்டல் இல்லை. வைலோமாவில் பிறந்த ஒருவன் முதன்முதலாகத் தனியாகச் சரி சொன்னான். ஊரே சுற்றி நின்று அவசரப்படுத்தியது, நானும்தான்.

பச்சை எரிந்தது. ஓடினோம். அவர்கள் பாடியதை எழுத எனக்குத் தெரியாது. வெள்ளம் வடியும் இடத்தில் பக்கத்து இருக்கையிலிருந்த தனியேலா பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

கோப்பை நசாலியாவின் பழைய பாட்டுக்குத்தான் கிடைத்தது. திரும்பும் படகில் பெரியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் கரை வந்ததும் அபிசாய் அதை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கி நடந்தான். வசு. பெரியவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் சிரித்தார்.

அன்று மாலை வசெமாதா, அமுக்கியதை இப்போதாவது வாசியுங்கள் என்றாள். நான்தான் வாசித்தேன். பெரும்பாலும் பழையதுதான், ஒரு பகுதி மட்டும் புதிது: "இச்சேவையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் நிறுவனத்தைத் தம் உடன்பிறந்தாள் மகனாக ஏற்றுக்கொண்டவர் ஆவர். முகம் காட்டும் சடங்கு முறைப்படி நடந்தேறியதாகக் கருதப்படும். ஈமக்கடன், கூரை, பாய், மாடு முதலிய கடமைகள் இவ்வுறவில் அடங்கா. தாய்: வசெமாதா, வைலோமா."

அம்மையார் நிறையக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னது பொய்யில்லை.

"இது நம்ம ஊருக்கு மட்டுந்தானா?" என்றாள் வசெமாதா.

"உலகம் பூராவும்க்கா. பயன்படுத்துற எல்லாருக்கும்."

"எல்லாரும் அமுக்கிட்டாங்களா?"

"அமுக்கிட்டாங்க."

"வாசிச்சுட்டா?"

நான் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தேன். என் கடைக் கணக்கும் அந்த மேகத்தில்தான் ஓடுகிறது. நானே போன மாதம் அமுக்கியிருந்தேன்.

வசெமாதா அந்தத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள். "கடமைய எல்லாம் பிள்ளைக்குத்தான் தள்ளுபடி பண்ணியிருக்கான்," என்றாள். "அம்மாவுக்குப் பண்ணல. அப்ப உலகம் பூரா எனக்கு அண்ணந்தம்பிங்க. சீர் வரட்டும்."

அன்றிலிருந்து படகு வரும்போதெல்லாம் படகுத்துறைக்கு வந்து நின்று பார்க்கிறாள். இதுவரை எதுவும் வரவில்லை. வாசகரே, நீங்களும் சமீபத்தில் ஒரு சதுரத்தை அமுக்கியிருப்பீர்கள். உங்கள் மருமகன் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறான். தேட வேண்டாம், அவனுக்கு முகம் கிடையாது. வேண்டியதை அவனே எடுத்துக்கொள்வான். அக்காளுக்கு மட்டும் ஒரு நல்ல பாய் பார்த்து அனுப்பிவையுங்கள். வைலோமா படகுத்துறைக் கடை என்று போட்டால் போதும், நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.